கூட்டிப் போடச் சொன்னார்கள்

"கூட்டிப் போடணும்" என்று மட்டும் என்னிடம் யாரும் சொல்லாதீர்கள். எதைக் கூட்ட வேண்டும் என்று சொல்லுங்கள். பல்லையா, வேகத்தையா, இழுவையையா? அதைச் சொல்லாமல் கூட்டு, கூட்டு என்றால் எனக்குக் கோபம் தலைக்கேறிவிடும்.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஓர் எஞ்சினியர் என் விலாசம் விசாரித்துக்கொண்டு நாகர்கோவிலுக்கு வந்தார். பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறாராம். படம் காட்டினார். இரண்டு பேர் உட்காரும் திறந்த வண்டி, கம்பிச் சக்கரம், மெருகு மின்னுகிறது. பின் ஆக்சிலுக்குப் பல்சக்கர செட்டு வாங்க வேண்டும். மூன்று விதமான செட்டு கிடைக்கிறது.

"சார், எந்த ரேஷியோ போடலாம்?"

"எந்த ரோட்டில் ஓட்டப் போகிறீர்கள்?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம் சார். பொதுவா எது பெஸ்ட்?"

பொதுவாக எது பெஸ்ட்டாம்! செருப்புக் கடைக்குப் போய், காலைக் காட்டாமல், பொதுவாக எந்த அளவு நல்லது என்று கேட்கிற மாதிரிதான் இது. காப்பி கொடுத்து, ரோட்டை முடிவு செய்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். நான் அவரிடம் கடுகடுத்துப் பேசிவிட்டதாக வீட்டில் குறை. இருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வியைத் தப்பாகக் கேட்டதால் வந்த வினையை ஒரு தடவை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த எஞ்சினியருக்கு வாயால் சொல்லப் பொறுமை இல்லாததால் எழுதி வைக்கிறேன்.

நான் தொழிலுக்கு வந்தது வெள்ளைக்காரன் போன வருஷம். கன்னியாகுமரி ஜில்லா என்று ஒன்று அப்போது கிடையாது. நாங்கள் திருவிதாங்கூர்க்காரர்கள், கொஞ்ச நாளில் கொச்சியையும் சேர்த்துக் கட்டினார்கள். நாகர்கோவிலில் பஸ்களுக்கு வேலை பார்க்கும் ஒரு வொர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன், மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன், திட்டு வாங்கினேன். நாலைந்து வருஷத்தில் பிட்டர் ஆனேன். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோருக்கும் அதே கதைதான்.

ஆனால் போர்மேன் ஞானமுத்துவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

நெய்யூர்ப் பக்கத்து மனிதர். வொர்க்‌ஷாப்புக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வருவார். அதன் மேல் ஒரு காக்கிக் கோட்டு. சாயங்காலம் கோட்டைக் கழற்றினால் சட்டையில் ஒரு பொட்டு கரி இருக்காது. கையை முதலில் மண்ணெண்ணெயில் கழுவுவார், பிறகு தேங்காய்ச் சகிரி நாரும் சவுக்காரமும் போட்டுத் தேய்ப்பார், கடைசியில் நகக்கண்ணை ஈர்க்குச்சியால் துப்புரவாக்குவார். வண்டி ஓட்டிப் பார்க்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறுவார். ஆக்சில் பேசுவது காதுக்கு வருமுன் உள்ளங்காலுக்கு வந்துவிடுமாம். அதில் பொய்யில்லை. அவர் காலால் கண்டுபிடித்த பழுதை நாங்கள் கழற்றிப் பார்த்து ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை.

பல்சக்கரம் பொருத்துவதில் திருவனந்தபுரம் வரைக்கும் அவருக்கு நிகர் கிடையாது. சிவப்பு ஈயப்பொடியை எண்ணெயில் குழைத்து, கோழியிறகால் பல்லின் மேல் பூசுவார். கையால் மெதுவாகச் சுற்றுவார். ஒரு பல் இன்னொரு பல்லைத் தொட்ட இடத்தில் சிவப்பு அழிந்து தடம் தெரியும். தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் பித்தளைத் தகடு ஒன்றை வைப்பார் அல்லது எடுப்பார். மறுபடியும் பூசி, மறுபடியும் சுற்றுவார். நடுப்பகல் சோற்றுக்குக்கூட எழுந்திருக்க மாட்டார். அந்தத் தகடு சிகரெட் தாள் கனம்தான் இருக்கும்.

இத்தனை நுணுக்கம் தெரிந்த மனிதருக்குக் கேள்வி கேட்கத் தெரியாது. தெரியாது என்பதைவிட, கேட்க மாட்டார். வண்டிக்காரர் வந்து நின்றால் எள் என்பதற்கு முன் எண்ணெயாக நிற்பார். அவர் பாதி சொல்லும்போதே மட்கார்டை இரண்டு தட்டுத் தட்டி, "செய்திரலாம்" என்று முடித்துவிடுவார். என்ன செய்யப் போகிறோம் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது, ஆனால் செய்திரலாம். ஏன் கேட்கக்கூடாது என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

"கேட்டா நமக்குத் தெரியல்லன்னு நெனச்சிருவாவ மக்கா," என்றார்.

இப்போது வண்டிக்கு வருகிறேன். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார எஸ்டேட் துரை விட்டுப்போன ஸ்போர்ட்ஸ் கார் அது. கரும்பச்சை நிறம். வாங்கியவர் டாக்டர் சிவகாமி. மெட்ராஸில் படித்து வந்து நாகர்கோவிலில் ஆஸ்பத்திரி நடத்தியவர். அவருடைய கணவர் வக்கீல் மகாதேவன் பிள்ளை. ஒரு டாக்டரம்மாவுக்கு எதற்கு ஸ்போர்ட்ஸ் கார் என்று ஊரே கேட்டது. விற்பனைக்கு அதுதான் கிடைத்தது, மலைப்பாதை வளைவுகளுக்குச் சின்ன வண்டி அடக்கமாக இருக்கும் என்று அம்மா எண்ணினார். வாராவாரம் வியாழக்கிழமை பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாக மலையேறி ஒரு ரப்பர் எஸ்டேட்டுக்குப் போவார். அங்கே எஸ்டேட்காரர்கள் ஒரு அறை ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களின் பெண்டு பிள்ளைகளுக்கு அந்த அறைதான் ஆஸ்பத்திரி. அதை விட்டால் அவர்களுக்கு மந்திரிக்கிறவனும் மருத்துவச்சியும்தான்.

போகிற வழியில் அயனி மரம் நிற்கிற ஒரு செங்குத்தான வளைவு உண்டு, அயனிமுக்கு என்பார்கள். அம்மா தனியாகப் போனால் வண்டி முக்கி முனகி ஏறிவிடும். கம்பவுண்டரும் மருந்துப் பெட்டியும் சேர்ந்தால் நின்றுவிடும். கம்பவுண்டர் இறங்கித் தள்ள வேண்டும். அவருக்கு அறுபது வயது.

இது மலைக்கதை. தரையில் வேறு கதை. வாரத்தில் இரண்டு நாள் வக்கீல் அதே வண்டியில் திருவனந்தபுரம் கோர்ட்டுக்குப் போவார். நேர் ரோட்டில் மிதித்தால் என்ஜின் காது கிழியக் கத்தும், வேகம் வராது. எதிரில் வந்த பஸ்காரன் தன்னைப் பார்த்துச் சிரித்ததாக அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது.

பல்கணக்கை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், கவனமாகப் படியுங்கள். என்ஜினிலிருந்து வருகிற தண்டின் நுனியில் ஒரு சின்னப் பல்சக்கரம், பெயர் பினியன். அது பின் ஆக்சிலில் உள்ள பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும், அதன் பெயர் கிரவுன். அந்த வண்டியில் பினியனுக்கு எட்டுப் பல், கிரவுனுக்கு நாற்பத்தொன்று. தண்டு ஐந்து சுற்றும் சொச்சமும் சுற்றினால்தான் ரோட்டுச் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். கிரவுனில் பல் கூடினால் தண்டு இன்னும் அதிகம் சுற்ற வேண்டும். வண்டி மெதுவாகப் போகும், ஆனால் நன்றாக இழுக்கும். பல் குறைந்தால் வண்டி பறக்கும், ஆனால் ஏற்றத்தில் திணறும். வேகமும் இழுவையும் ஒன்றாகக் கிடைக்காது. அந்த வண்டிக்கு மெட்ராஸில் கிடைத்தவை முப்பத்தொன்பது பல், நாற்பத்தொரு பல், நாற்பத்துமூன்று பல். ஏதாவது ஒன்றைத்தான் போட முடியும்.

முதலில் வந்தது டாக்டரம்மா. போர்மேன் ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தார்.

"போர்மேன், அயனிமுக்குல வண்டி மூச்சுமுட்டி நிக்குது. பின்னால உள்ள பல்லுச் சக்கரத்தக் கூட்டிப் போட்டுத் தாங்கோ."

"செய்திரலாம்மா," என்று பஸ்ஸுக்கு அடியிலிருந்து பதில் வந்தது. வண்டியை விற்ற துரை அம்மாவுக்குச் சரியாகவே சொல்லியிருந்தார்: மலைக்கு, கிரவுனில் பல் கூட வேண்டும்.

இரண்டு நாள் கழித்து வக்கீல் வந்தார்.

"ஓய் போர்மேன், நெய்யாற்றின்கரை தாண்டினா என்ஜின் கெடந்து கதறுகு. நல்லாக் கூட்டிப் போடும்."

"செய்திரலாம் வக்கீலய்யா."

வக்கீல் காலேஜ் நாளில் சைக்கிள் பந்தயக்காரர். பல்சக்கரம் என்றால் அவருக்கு சைக்கிள்தான். சைக்கிளில் பெடல் பக்கத்துச் சக்கரத்தில் பல் கூடினால் வேகம் கூடும். அதுவும் சரிதான். ஆனால் சைக்கிளில் பெரிய சக்கரம் மிதிக்கிற பக்கம். காரில் பெரிய சக்கரம் ரோட்டுப் பக்கம். இவர் படித்த பாடம் அங்கே தலைகீழாகிவிடும். அது அவருக்குத் தெரியாது.

எனக்குப் பொறுக்கவில்லை. வக்கீல் போனதும் போர்மேனிடம் போய் நின்றேன்.

"போர்மேன், ரெண்டு பேரும் ரெண்டு காரியம் சொல்லுகாவ. அம்மைக்கு இழுவை வேணும், அய்யாக்கு வேகம் வேணும்."

"லேய் தாணு, அம்மை என்ன சொன்னாவ?"

"கூட்டச் சொன்னாவ."

"அய்யா?"

"கூட்டச் சொன்னாவ."

"கொறைக்கணும்னு யாராவது சொன்னாவளா?"

"இல்ல."

"பெறவு உனக்கு என்னலே நோவு? புருசனும் பொஞ்சாதியும் வீட்டுல பேசாமலா வந்திருப்பாவ?"

பேசித்தான் இருந்தார்கள்! அதுதான் கொடுமை. டாக்டரம்மா பின்னால் என்னிடம் சொன்னார். இராத்திரிச் சாப்பாட்டின்போது, "வண்டியக் கூட்டிப் போடச் சொல்லிட்டேன்," என்றிருக்கிறார் அம்மா. "நானும் அதத்தான் சொல்லிட்டு வந்தேன்," என்றிருக்கிறார் வக்கீல். இருவருக்கும் மகிழ்ச்சி. இப்படி ஒரு ஒற்றுமையான தம்பதியை எங்கும் பார்க்க முடியாது.

வொர்க்‌ஷாப்புக்குச் சரக்கெடுக்க மெட்ராஸ் போகிறவரிடம், "கூட்டின செட்டு ஒண்ணு" என்றார் போர்மேன். அவர் கடையில் போய் அதைக் கொஞ்சம் நாகரிகமாக, "ஹை செட்டு" என்று கேட்டார். கடைக்காரர் பாஷையில் ஹை என்றால் வேகச் செட்டு. பெட்டி வந்து இறங்கியது. பிரித்து, கிரவுனில் சுண்ணாம்புக்கட்டியால் குறி போட்டு எண்ணினேன். முப்பத்தொன்பது. இன்னொரு தடவை எண்ணினேன். பல் முளைத்துவிடவில்லை.

"போர்மேன், பல்லு கூடல்ல. ரெண்டு கொறைஞ்சிருக்கு."

அவர் பெட்டியைத் திருப்பி எழுத்தைக் காட்டினார். "என்ன போட்டிருக்கான்? ஹை. ஹைன்னா கூட்டினதுதாம்லே."

செவிடன் காதில் சங்கு ஊதினாலாவது ஊதியவனுக்குச் சத்தம் கேட்கும். எனக்கு அதுவும் கேட்டிருக்காது, அவ்வளவு கோபம். ஆனால் அவர் போர்மேன், நான் பிட்டர். இரண்டு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தகடு எடுத்துக் கொடுத்தேன். அப்படி ஒரு பொருத்தலை நான் பிறகு பார்த்ததே இல்லை. சிவப்புத் தடம் ஒவ்வொரு பல்லிலும் நடுமத்தியில் வரிசையாக விழுந்தது. தப்பான செட்டை அவ்வளவு அழகாகப் பொருத்தினார். கழற்றிய பழைய செட்டு தேய்ந்தது என்று பழைய இரும்புக்காரனிடம் போட்டும்விட்டார். வொர்க்‌ஷாப்பில் குப்பை சேர்வது அவருக்குப் பிடிக்காது.

வண்டியை எடுக்க வந்தது வக்கீல். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"அய்யா, இது நேர் ரோட்டுக்குக் கொள்ளாம். மலைக்கு ஆவாது," என்றேன்.

"பறக்குகு வே!" என்று போர்மேனைப் பார்த்துச் சொன்னார் அவர். போர்மேன் மட்கார்டை இரண்டு தட்டுத் தட்டினார். என்னை இருவரும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை அம்மா மலைக்குப் புறப்பட்டார். அயனிமுக்கில் வண்டி நின்றது. பின்னால் இறக்கி, ஓடவிட்டு வந்து, மறுபடி ஏற்றினார். நின்றது. கம்பவுண்டர் தள்ளினார். அப்படியும் நின்றது. மழை வேறு. கடைசியில் வண்டியை ஓரத்தில் விட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். எஸ்டேட் போய்ச் சேர்ந்தபோது, காத்திருந்த பெண்கள் ரப்பர்ப் பால் அளக்கப் போய்விட்டார்கள். மானேஜர் மட்டும் இருந்தார். நேரத்துக்கு வராத டாக்டருக்காக வேலையாட்களை நிறுத்தி வைக்க முடியாது, இன்னொரு வாரம் இப்படி ஆனால் அந்த அறையில் ரப்பர் ஷீட்டு அடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். அதோடு அந்தப் பெண்களுக்கு வைத்தியம் முடிந்தது என்று அர்த்தம்.

மறுநாள் காலையில் அம்மா வொர்க்‌ஷாப்பில் நின்றார். குரலை உயர்த்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"போர்மேன், நான் என்ன சொன்னேன்?"

"கூட்டச் சொன்னீங்கம்மா."

"கூட்டியாச்சா?"

"கூட்டியாச்சும்மா. ஹை."

நான் சும்மா இருக்கவில்லை. "நாப்பத்தொண்ணு இருந்தது இப்ப முப்பத்தொன்பதும்மா," என்றேன்.

அம்மா போர்மேனைப் பார்த்தார். "நாப்பத்தொண்ண முப்பத்தொன்பதாக்கினா அது எந்தப் பள்ளிக்கூடத்துல கூட்டல்?"

போர்மேன் கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டு நின்றார். நாற்பத்துமூன்று பல் செட்டு மெட்ராஸ் கடையில் அப்போது இல்லை, கப்பலில் வர மாதங்கள் ஆகும் என்று தெரிந்தது. பழைய செட்டு உருகி என்னவாகப் போயிற்றோ. இந்த நேரம் பார்த்து வக்கீல் வந்து சேர்ந்தார், திருவனந்தபுரத்துக்கு எத்தனை சீக்கிரம் போனேன் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே.

"வாற வியாழக்கிழமை நீங்களும் வாங்கோ," என்றார் அம்மா.

"எனக்கு வியாழக்கிழமை கேசு இருக்கே."

"வாங்கோ," என்று மறுபடி சொன்னார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "தாணு, நீயும் வா. கம்பவுண்டர் வேண்டாம்."

இரண்டு சீட்டு வண்டியில் மூன்று பேர். பின்னால் உபரிச் சக்கரம் மாட்டியிருக்கிற இடத்தில், அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நான் தொற்றிக்கொண்டு போனேன். தடிக்காரன்கோணம் தாண்டும்போது ரோட்டில் நின்றவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். அயனிமுக்குக்குக் கீழே சின்ன சமதளம் ஒன்று உண்டு. அம்மா அங்கே வண்டியை நிறுத்தினார். பிறகு, ஊருக்குத் திரும்புகிற மாதிரி வண்டியைத் திருப்பினார்.

"என்ன, திரும்பிப் போறோமா?" என்றார் வக்கீல், நம்பிக்கையோடு.

"இல்ல. ரிவர்சுல ஏறப் போறோம். ஒண்ணாம் கியரவிட ரிவர்சு மெதுவாப் போகுது, நான் தினமும் கார் ஷெட்டுலேருந்து எடுக்கும்போது பாத்திருக்கேன். மெதுவாப் போறது நல்லா இழுக்கும்லா, தாணு?"

நான் தலையாட்டினேன். எனக்குத் தோன்றவில்லை என்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வொர்க்‌ஷாப்பில் யாருக்கும் தோன்றவில்லை. நான் யோசித்துக்கொண்டிருந்ததெல்லாம் போர்மேனை எப்படித் திட்டலாம் என்பதுதான்.

"அய்யா இறங்கணும்," என்றேன். "முன்னால பாரம் கொறையணும். நான் பின்னால இருக்கேன். பின் சக்கரத்துமேல கனம் இல்லைன்னா மேல ஏறும்போது சக்கரம் சும்மா சுத்தும்."

வக்கீல் இறங்கினார். மருந்துப் பெட்டியையும் இறக்கி அவர் தோளில் வைத்தேன். இன்னொரு கையில் மரக்கட்டை ஒன்றைக் கொடுத்தேன். வண்டி வழுக்கினால் முன் சக்கரத்துக்கு முன்னால் அதை வைக்க வேண்டும். பஸ்ஸில் கிளீனர் செய்கிற வேலை. கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீலை மிரட்டுகிற மனிதர், பாலிஷ் போட்ட ஷூவோடு, பெட்டியும் கட்டையுமாக வண்டியின் மூஞ்சிக்கு நேராக நடந்து வந்தார்.

அம்மா கழுத்தைத் திருப்பி, என் தோளுக்கு மேலே ரோட்டைப் பார்த்து ஓட்டினார். நான் மலையைப் பார்த்து உட்கார்ந்து, "வலத்த, வலத்த, போட்டும், இடத்த ஒடிங்கோ," என்று கத்திக்கொண்டே வந்தேன். கியர் ஓலமிட்டது. மழைத்தண்ணீர் அரித்த இடத்தில் ஒரு தடவை பின் சக்கரம் வெறுமனே சுற்றியது. வண்டி முன்பக்கமாக வழுக்கியது.

"கட்டைய வையுங்க!" என்று அம்மா கத்தினார்.

வக்கீல் பெட்டியைக் கீழே போடாமல் முழங்கால் சேற்றில் பட மண்டியிட்டு, கட்டையை வைத்துவிட்டார். அதை நான் அவருக்குப் பெருமையாகத்தான் சொல்ல வேண்டும். நான் உபரிச் சக்கரத்தின் மேல் ஏறி நின்று அழுத்தினேன். அம்மா கிளட்சை மெல்ல விட்டார். சக்கரம் பிடித்தது. அயனி மரம் என் பக்கத்தில் வந்து, பிறகு வண்டியின் மூக்குக்கு முன்னால் கீழே போயிற்று. ஏறிவிட்டோம். வண்டியைத் திருப்ப அங்கே இடமில்லை, எஸ்டேட் வரை அப்படியே போனோம்.

எஸ்டேட் வாசலில் பெண்கள் நின்றார்கள். டாக்டரம்மா பின்பக்கமாக வந்து இறங்குவதைப் பார்த்து ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. மானேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வரிசையில் முதலில் இருந்தவள் பாக்கியம், ஒரு பால்வெட்டுக்காரன் மனைவி. நிறைமாதம். கால் இரண்டும் வீங்கி மினுமினுத்தது.

"போன வாரம் வருவியன்னு மத்தியானம் வரை இருந்தேம்மா. தல பொளக்குகு. கண்ணு மங்கலா இருக்கு," என்றாள்.

அம்மா பிரஷர் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். வெளியே வந்து வக்கீலிடம் தாழ்ந்த குரலில் பேசினார். நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டது.

"இவள இப்பவே கீழ கொண்டு போணும். வலிப்பு வந்தா தாயும் போகும், பிள்ளையும் போகும். போன வாரமே பாத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

"சரி, கொண்டு போ," என்றார் வக்கீல். "நான் எங்க இருக்க?"

"நீங்க நடந்து வாங்கோ."

மற்ற பெண்களை அவசரமாகப் பார்த்து மருந்து கொடுத்துவிட்டு, பாக்கியத்தைப் பக்கத்து சீட்டில் சாய்த்து உட்கார வைத்து, சேலையால் சேர்த்துக் கட்டி, அம்மா இறங்கிப் போனார். வேகச் செட்டு போட்ட வண்டி இறக்கத்தில் என்ஜினுக்கு அடங்காது. பிரேக்கை மட்டும் நம்பிப் போக வேண்டும். சத்தம் வளைவு வளைவாகக் கீழே போவதைக் கேட்டுக்கொண்டு நாங்கள் இருவரும் நின்றோம். மறுபடி மழை பிடித்தது.

நடக்க ஆரம்பித்தோம். கொஞ்ச தூரம் வக்கீல் ஷூவிலிருந்த சேற்றை உதறிக்கொண்டே நடந்தார். பிறகு கேட்டார்.

"தாணு, அவ கூட்டச் சொன்னதும் நான் கூட்டச் சொன்னதும் ஒண்ணில்லையா?"

"இல்லய்யா."

கீழே கிடந்த குச்சியால் சேற்றில் இரண்டு வட்டம் போட்டு, சைக்கிளையும் காரையும் காட்டினேன். குனிந்து பார்த்தார். சட்டென்று பிடித்துக்கொண்டார். புத்திசாலிதான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இந்த இரண்டு வட்டத்தை வொர்க்‌ஷாப் தரையில் போட்டிருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

"இத நீ ஏன் முன்னாலயே சொல்லல்ல?" என்றார்.

"சொன்னேன்!" மலை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திவிட்டேன். "வண்டி எடுக்க வந்த அன்னைக்கு உங்க மூஞ்சிக்கு நேராச் சொன்னேன். மலைக்கு ஆவாதுன்னு சொன்னேன். போர்மேன்ட்டயும் சொன்னேன். எல்லாருட்டயும் சொன்னேன்!"

வக்கீல் நின்றார். மழைத்தண்ணீர் மூக்கில் வழிந்தது. "சொன்னியா?" என்றார், உண்மையிலேயே ஞாபகமில்லாமல். தடிக்காரன்கோணம் வரை நடந்து வந்தோம். அங்கே பஸ்ஸுக்கு நின்றபோது, "மலைக்கு மொத்தம் எத்தன பல்லு வேணும்?" என்று கேட்டார். நாற்பத்துமூன்று என்றேன்.

பாக்கியம் பிழைத்தாள். பிள்ளையும் பிழைத்தது, மயிரிழையில். ஆஸ்பத்திரியில் அம்மா இரண்டு நாள் வீட்டுக்குப் போகவில்லை என்று கம்பவுண்டர் சொன்னார்.

போர்மேன் செய்தியைக் கேட்டதும் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். பிறகு மெட்ராஸ் போகிறவரை உட்கார வைத்து, கிரவுனுக்கு நாற்பத்துமூன்று, பினியனுக்கு எட்டு என்று அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்தார். இனிமேலாவது வண்டிக்காரர்களிடம் கேட்பாரா என்று பார்த்தேன். அடுத்த நாளே ஒரு லாரிக்காரர் வந்து "பிரேக்கு செரியில்ல" என்று தொடங்கியதும், "செய்திரலாம்" என்று மட்கார்டைத் தட்டினார். அந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

செட்டு வந்து சேரும்வரை அம்மா வாராவாரம் அயனிமுக்கில் பின்பக்கமாகவே ஏறினார். ஒரு வியாழக்கிழமையும் விடவில்லை. அறையில் ஷீட்டு அடுக்க மானேஜருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. கட்டை பிடிக்க வேறு ஆள் கிடைக்காத வாரங்களில் வக்கீலே போனார் என்று கேள்விப்பட்டேன்.

பெட்டி வந்தது. எண்ணினேன். நாற்பத்துமூன்று. போர்மேன் சிவப்பு பூசி, தகடு வைத்து, வழக்கம்போல் பிரமாதமாகப் பொருத்தினார். வண்டி எடுக்க இருவரும் சேர்ந்தே வந்தார்கள். ஓட்டுகிற சீட்டில் அம்மா. வக்கீல் கேஸ் கட்டுகளோடு வெளியே நின்றார்.

போர்மேனுக்கு மனது கேட்கவில்லை. "வக்கீலய்யா, இனி திருவனந்தபுரம் போனா பழையதவிடக் கொஞ்சம் கூடுதலாத்தான் கத்தும். மெதுவாத்தான் போணும்," என்றார்.

"நான் பஸ்சுல போய்க்கிடுதேன் ஓய்," என்றார் வக்கீல். கோர்ட்டில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றுகொண்டார். "கேசுக்கு வாய்தா வாங்கலாம். பேறுகாலத்துக்கு எந்த ஜட்ஜியும் வாய்தா தர மாட்டான்."

இதைத் தான் கண்டுபிடித்தது போல் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஒரு வருஷமாக வீட்டில் அந்த அம்மா தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். அம்மா ஸ்டார்ட்டரை இழுத்தார்.

"ஏறுங்கோ. பஸ் ஸ்டாண்டுல இறக்கி விட்டுட்டு நான் மலைக்குப் போணும்," என்றார்.